வழக்கில் விடுதலை, கழகத்தில் தடை: குடும்ப வன்முறையை விளையாட்டு லீக்குகள் எப்படிக் கையாள்கின்றன?

இலங்கைக் கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக்க 2022 நவம்பர் 6 அன்று சிட்னியில் பாலியல் குற்றச்சாட்டின் பேரில் கைதானார். இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் உடனடியாக அவரை எல்லா வகைப் போட்டிகளிலிருந்தும் இடைநிறுத்தியது. 2023 செப்டெம்பரில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அடுத்த மாதம் தடையும் நீங்கியது.

இந்தச் செய்தியை ஒட்டி நம்மிடையே இரண்டு கேள்விகள் எழுந்தன. வழக்கு முடியும் முன்பே ஒருவரை எந்த நியாயத்தில் நிறுத்தினார்கள்? மனைவியை அடித்ததாக வழக்கு உள்ள வேறு வீரர்கள் மட்டும் எப்படித் தொடர்ந்து ஆடுகிறார்கள்? குணதிலக்கவின் வழக்கு குடும்ப வன்முறை வழக்கு அல்ல. ஆனால் இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்: நீதிமன்றம் கொடுக்கும் தண்டனையையும் தொழில் கொடுப்பவர் எடுக்கும் நடவடிக்கையையும் ஒன்றாகப் பார்ப்பது. அதை முதலில் பிரித்துக்கொண்டால்தான் மற்றவை விளங்கும்.

குடும்ப வன்முறை என்றால் என்ன

இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இதற்குத் தெளிவான எல்லை வகுக்கிறது. கணவர், முன்னாள் கணவர், சேர்ந்து வாழும் துணை மட்டுமின்றி பெற்றோர், பிள்ளைகள், சகோதரர் போன்ற நெருங்கிய உறவினரும் அதற்குள் வருகிறார்கள். உடலில் காயம் விளைவிப்பதும் மிரட்டுவதும் வன்முறை. கொடூரமாகவோ இழிவுபடுத்தும் விதமாகவோ தொடர்ந்து நடத்துவதும், அது கடுமையானதாக இருந்தால், மனரீதியான துன்புறுத்தல் என்ற பெயரில் சேரும். ஆகவே ‘அடி விழவில்லையே’ என்ற வாதம் சட்டத்தின் முன் முழுமையாக நிற்காது.

இது அரிதான சங்கதியும் அல்ல. குடிசன மதிப்பீட்டு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வின்படி, இலங்கையில் துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அவரால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். விளையாட்டு வீரர்களின் வீடுகளும் இந்தக் கணக்குக்குள் இருப்பவைதான்.

இரண்டு தராசுகள்

அரச சேவையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விடயம். பணமோசடி செய்ததாக ஓர் எழுதுவினைஞர் மீது வழக்குப் பதிவானால், தீர்ப்பு வரும்வரை திணைக்களம் கைகட்டி நிற்பதில்லை. தாபன விதிக்கோவைப்படி அவரை இடைநிறுத்தி ஒழுக்காற்று விசாரணை நடத்தும். லீக்குகள் செய்வதும் அடிப்படையில் இதுவே. வேறுபாடுகள் மூன்று.

1. கேள்வி வேறு. ‘இவர் குற்றவாளியா, சிறைக்குப் போக வேண்டுமா’ என்று நீதிமன்றம் கேட்கிறது. ‘நம் சீருடையை அணிந்து இவர் ஆடலாமா’ என்று லீக் கேட்கிறது.

2. சான்றின் அளவு வேறு. குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். லீக்கின் விசாரணையில், நடந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்று நம்பகமான சான்றுகள் காட்டினால் போதும். வழக்குத் தொடரப்படாத ஒருவரை லீக் தண்டிக்க முடிவது இதனால்தான்.

3. அதிகாரத்தின் ஊற்று வேறு. நீதிமன்றத்துக்கு அதிகாரம் சட்டத்திலிருந்து வருகிறது. லீக்குக்கு வீரர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. ஒப்பந்தத்தில் எழுதப்படாததை லீக் செய்தால், மேன்முறையீட்டில் அது உடைந்துபோகும்.

மூன்றாவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2014இல் உடைந்தது அதுதான்.

ஒரு லிப்ட், இரண்டு காணொளிகள்

ரே ரைஸ் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் அமெரிக்கன் புட்போல் வீரர். 2014 பெப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு சூதாட்ட விடுதியின் லிப்டுக்குள், தான் மணமுடிக்கவிருந்த ஜெனே பால்மரை அடித்து மயங்கி விழவைத்தார். சில நாட்களிலேயே முதல் காணொளி வெளியானது. நினைவிழந்து கிடந்த பெண்ணை ரைஸ் லிப்டிலிருந்து வெளியே இழுத்துப்போடுவது அதில் தெரிந்தது. மார்ச் இறுதியில் அவர் மீது குற்றப்பத்திரம் தாக்கலானது. மறுநாள் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

அதன்பின் நடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் தம்பதியர் ஊடகங்களைச் சந்தித்தனர். அடி விழுந்த அந்த இரவில் தனக்கிருந்த பங்குக்கு ஜெனே வருந்துவதாக அணியே தன் டுவிட்டர் கணக்கில் அறிவித்தது. அடிபட்டவரை வருந்த வைத்து, அதை விளம்பரமும் செய்தார்கள். ஜூனில் அமெரிக்கன் புட்போல் லீக்கான என்.எஃப்.எல்.லின் ஆணையாளர் ரொஜர் குடெல் விசாரணை நடத்தினார். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே அறையில் அமர்ந்திருக்க, அந்தப் பெண்ணிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. ஜூலையில் வந்த தண்டனை 2 போட்டிகள்.

எதிர்ப்பு வலுத்ததும், தான் சரியாகச் செய்யவில்லை என்று குடெல் ஓகஸ்ட் இறுதியில் ஒப்புக்கொண்டு புதிய அளவுகோலை அறிவித்தார்: முதல் தடவைக்கு 6 போட்டிகள், இரண்டாம் தடவைக்குக் காலவரையறையற்ற தடை. செப்டெம்பர் 8 அன்று இரண்டாவது காணொளி, அதாவது லிப்டின் உள்ளே விழுந்த அடி, வெளியானது. அன்றே அணி அவரை நீக்கியது. லீக் காலவரையறையின்றித் தடை செய்தது.

நவம்பரில் முன்னாள் நீதிபதி பாபரா ஜோன்ஸ் அந்தத் தடையை ரத்துச் செய்தார். ரைஸ் நல்லவர் என்று அவர் சொல்லவில்லை. ஜூன் விசாரணையிலேயே ரைஸ் நடந்ததை மறைக்கவில்லை, ஆகவே ஒரே செயலுக்கு இரண்டாம் முறை தண்டிக்க முடியாது என்பதே தீர்ப்பு. எனினும் எந்த அணியும் ரைஸை மீண்டும் எடுக்கவில்லை. நீதிமன்ற வழக்கோ, சிறைக்குப் பதிலாக அவர் சேர்க்கப்பட்ட மறுவாழ்வுத் திட்டத்துடன் முடிந்து, 2015இல் கைவிடப்பட்டது.

இந்த வரிசையில் என்னை உலுக்குவது ஒன்று. ஒரு பெண் நினைவிழக்கும்படி தாக்கப்பட்டார் என்பது பெப்ரவரியிலேயே எல்லோருக்கும் தெரியும். செப்டெம்பரில் புதிதாகத் தெரியவந்தது, அந்த அடி பார்ப்பதற்கு எப்படி இருந்தது என்பது மட்டுமே. அதாவது லீக்கைச் செயற்பட வைத்தது நாடே திரையில் பார்த்த காட்சி. வன்முறை நடந்தது என்ற உண்மைக்கு 2 போட்டிகளுக்கு மேல் மதிப்பிருக்கவில்லை. நம் ஊரில் அடி விழும் வீடுகளில் பாதுகாப்புக் கமரா கிடையாது. அந்தப் பெண்களிடம் இருப்பது அவர்களுடைய வாய்ச்சொல்லும், பக்கத்து வீட்டாருக்குக் கேட்ட சத்தமும், வைத்தியசாலைத் துண்டும்தான்.

புதிய அளவுகோல் வந்த பின்பும் அது சீராக நடைமுறைக்கு வரவில்லை. நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியின் ஜோஷ் பிரவுனுக்கு 2016இல் முதலில் கிடைத்தது 1 போட்டித் தடை. மனைவியைத் துன்புறுத்தியதை அவரே எழுதி ஒப்புக்கொண்டிருந்த ஆவணங்களைப் பொலிஸார் வெளியிட்ட பிறகே அணி அவரைக் கைவிட்டது. மறுபுறம், முன்னாள் காதலியை அடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட எசெக்கியேல் எலியட் என்ற வீரர் மீது அரசதரப்பு வழக்கே தொடராதபோதும், தன் விசாரணையின் அடிப்படையில் லீக் 2017இல் அவருக்கு 6 போட்டித் தடை விதித்தது. குற்றச்சாட்டை மறுத்த அவர் நீதிமன்றம்வரை போய்ப் போராடிப் பார்த்தார்.

பேஸ்போல் எடுத்த வழி

அமெரிக்க பேஸ்போல் லீக்கான எம்.எல்.பி. 2015 ஓகஸ்டில் தன் கொள்கையை அறிவித்தது. ஆணையாளர் தனியாக அறிவித்த விதி அல்ல அது. வீரர்கள் சங்கத்துடன் பேசி இருதரப்பும் ஒப்புக்கொண்டது. மேலே சொன்ன மூன்றாவது வேறுபாட்டின்படி, அதன் வலிமையும் இங்கேதான் இருக்கிறது. அதன் நடைமுறை சுருக்கமாக:

1. குற்றச்சாட்டு வந்ததும் வீரரைச் சம்பளத்துடன் விடுப்பில் வைத்து விசாரிக்கலாம். அது தண்டனை அல்ல. விசாரணை நடக்கும் நாட்களில் அவரை மைதானத்திலிருந்து விலக்கி வைப்பது மட்டுமே.

2. கைதோ வழக்கோ தீர்ப்போ தண்டனைக்கு நிபந்தனை இல்லை.

3. குறைந்தபட்சத் தண்டனையும் இல்லை, உச்சபட்சமும் இல்லை. ஒவ்வொரு சம்பவத்தையும் அதன் கடுமைக்கேற்ப ஆணையாளர் அளக்கிறார். சுயாதீனத் தீர்ப்பாளரிடம் மேன்முறையீடு உண்டு.

4. லீக்கும் சங்கமும் நியமித்த, நிபுணர்களும் உள்ளிட்ட ஒரு குழு, அந்த வீரருக்கான உளவள ஆலோசனைத் திட்டத்தை வகுக்கிறது.

இதன்கீழ் முதலில் தண்டிக்கப்பட்டவர் அரோல்டிஸ் சாப்மன். 2015இல் புளோரிடாவில் அவரது வீட்டில் நடந்த சம்பவத்துக்கு அரசதரப்பு வழக்குத் தொடரவில்லை. ஆயினும் 2016 மார்ச்சில் லீக் அவரை 30 போட்டிகளுக்குத் தடை செய்தது. தடைக்காலத்துக்குச் சம்பளமும் இல்லை. அதே ஆண்டு இறுதியில் அவர் சிக்காகோ கப்ஸ் அணியுடன் உலகத் தொடர் கிண்ணத்தை வென்றார்.

கொள்கை தோற்றுவிட்டது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தண்டனை அனுபவித்தவர் வேலைக்குத் திரும்புவது வேறு, ஒன்றும் நடக்காதது போல எல்லோரும் நடந்துகொள்வது வேறு. சாப்மனின் பெயருக்குப் பக்கத்தில் அந்த 30 போட்டிகள் என்றும் பதிவாகியிருக்கும். பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுக்கு ஆளான பந்துவீச்சாளர் ட்ரெவர் பவரின் விடயத்தில் ஆணையாளர் 324 போட்டிகள் என்று விதித்ததைத் தீர்ப்பாளர் 2022 டிசம்பரில் 194 ஆகக் குறைத்தார். குறைத்தபின்னும் அக்கொள்கையின்கீழ் அதற்கு முன் யாருக்கும் அவ்வளவு நீண்ட தடை கிடைத்ததில்லை. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார், குற்றவியல் வழக்கும் பதியப்படவில்லை.

ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் 2019இல் வேறொரு வழியைப் பிடித்தது. 11 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்குரிய குற்றம் சுமத்தப்பட்ட வீரர், வழக்கு முடியும்வரை தானாகவே ஒதுக்கி வைக்கப்படுவார். சம்பளம் தொடரும், குற்றவாளி என்ற முடிவு எதுவும் அதில் இல்லை. பாலியல் வழக்கொன்றில் சிக்கிய ஜாக் டி பெலின் அந்த விதியைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் எதிர்த்துத் தோற்றார். பின்னர் யூரர்களால் ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் 2021இல் வழக்குக் கைவிடப்பட, ஆட்டத்துக்குத் திரும்பினார். இரண்டு பருவங்களுக்கு மேல் போய்விட்டன. இந்த விதியின் விலை அது. விதி முன்கூட்டியே எழுதப்பட்டு எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததால்தான் நீதிமன்றத்தில் தாக்குப்பிடித்தது.

கிரிக்கெட்டில் உள்ள ஓட்டை

நமக்கு நெருக்கமான விளையாட்டு கிரிக்கெட். ஐ.சி.சி.யின் நடத்தை விதிகள் மைதானத்தில் நடப்பதை நான்கு நிலைகளாகப் பிரித்துத் தண்டிக்கின்றன. நடுவரின் தீர்ப்புக்கு முகம் சுளித்தாலும் போட்டிக் கட்டணத்தில் கைவைப்பார்கள். ஆட்ட நிர்ணய ஊழலுக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து தனிப் பிரிவே இருக்கிறது. வீட்டுக்குள் நடப்பது பெரும்பாலும் அந்தந்த நாட்டுச் சபையின் விருப்பத்துக்கு விடப்படுகிறது.

2018 மார்ச்சில் முகமது ஷமியின் மனைவி அவர் மீது குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டுகளை முன்வைத்தார். ஷமி அவற்றை மறுத்தார். இந்தியச் சபை அவருடைய வருடாந்த ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. குற்றச்சாட்டுகளில் பணம் வாங்கியது பற்றிய பேச்சும் இருந்ததால் ஊழல் தடுப்புப் பிரிவை விசாரிக்கச் சொன்னது. ஊழலுக்கு முகாந்திரம் இல்லை என்று அறிக்கை வந்ததும் அந்த மாதமே ஒப்பந்தம் திரும்பக் கிடைத்தது. யார் சொன்னது உண்மை என்பதை நாம் இங்கே தீர்மானிக்க முடியாது. அது நீதிமன்றத்தின் வேலை. கவனிக்க வேண்டியது சபை என்ன கேட்டது என்பதை. ‘பணம் வாங்கினாரா’ என்று கேட்க அதனிடம் ஆளும் விதியும் இருந்தன. ‘மனைவியைத் துன்புறுத்தினாரா’ என்று கேட்க இரண்டும் இருக்கவில்லை.

தோல்விதான் காரணமா?

இங்கிலாந்தின் லங்கஷயர் பகுதியில் 2002, 2006, 2010 உதைபந்தாட்ட உலகக் கிண்ணக் காலங்களின் பொலிஸ் பதிவுகளை ஆராய்ந்தபோது, இங்கிலாந்து தோற்ற நாட்களில் குடும்ப வன்முறை முறைப்பாடுகள் 38 சதவீதம் கூடியிருந்தன. இந்த எண் அடிக்கடி செய்திகளில் வரும். அதே ஆய்வின் மற்ற எண் வருவதில்லை: வென்ற அல்லது சமநிலையான நாட்களிலும் 26 சதவீதம் கூடியிருந்தது. ஆகவே தோல்வியின் கவலையில் கை நீண்டுவிட்டது என்பது விளக்கமாகாது. ஏற்கெனவே அடிக்கும் வீட்டில் ஆட்டமும் மதுவும் விடுமுறையும் ஒரே நாளில் கூடிவருகின்றன. தோற்ற அணியின் ரசிகர்களில் பெரும்பாலானோர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள்.

தண்டனை யாருடைய அடுப்பை அணைக்கிறது?

ரைஸ் நீக்கப்பட்ட மறுநாள் ஜெனே எழுதியது பலருக்கும் அதிர்ச்சியாக இருந்தது. கணவரின் வாழ்நாள் உழைப்பைப் பறித்துவிட்டார்கள் என்று அவர் ஊடகங்களைச் சாடினார். அவரைக் குறை சொன்னவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கவில்லை. வீரரின் சம்பளம் நின்றால் அந்தப் பெண்ணின் வீடும் பிள்ளையின் செலவும் சேர்ந்தே ஆட்டம் காண்கின்றன. உறவினர் எல்லோரும் அவளைப் பார்த்து ‘நீ வாயைத் திறந்ததால்தானே’ என்கிறார்கள்.

களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ கணவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தில் குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. முறைப்பாடு செய்தால் அடி நிற்குமா என்பதற்கு முன்பே, அடுத்த மாதம் அரிசிக்கு என்ன வழி என்ற கேள்வி அவர் முன் வந்து நிற்கிறது.

ஆகவே ஒரு லீக்கின் கொள்கையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது தடையின் நீளத்தை அல்ல. அந்தப் பெண்ணுக்கு உடனடித் தங்குமிடம் உண்டா, சட்ட உதவி உண்டா, நிறுத்தப்படும் சம்பளத்தில் குடும்பச் செலவுக்கு ஒரு பகுதி போகுமா, பெயர் வெளிவராமல் பேச முடியுமா என்பதைத்தான். தண்டனையைக் கூட்டிவிட்டு இவற்றை விட்டுவிட்டால், ஒவ்வொரு கூடுதல் போட்டித் தடையும் அவர் வாய் திறக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமாகிவிடும்.

நம் மாவட்டங்களில் உள்ள வழிகள்

2005ஆம் ஆண்டுச் சட்டம் குடும்ப வன்முறை என்று தனியாக ஒரு குற்றத்தை உருவாக்கவில்லை. பாதுகாப்புக் கட்டளை என்ற கருவியைத் தந்தது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்து நீதிமன்றமே போதும். வாழைச்சேனைப் பெண் கொழும்பில் இருக்கும் கணவரைத் தேடிப்போக வேண்டியதில்லை. அவசரம் என்றால் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், விசாரணைக்குப் பின் 12 மாதங்கள் வரைக்கான கட்டளையும் கிடைக்கும். வீட்டுக்குள் நுழையவோ, வேலைத்தலத்துக்கு வரவோ கூடாது என்று நீதவான் தடுக்கலாம். செலவுக்குப் பணம் கொடுக்கவும் கட்டளையிடலாம். மீறினால் 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை வாசகர்களுக்கு ஒன்று: விவாகரத்து முஸ்லிம்களுக்கான காதி நீதிமன்றத்தில் நடந்தாலும், பாதுகாப்புக் கட்டளைக்கு நீதவானிடம் போக எந்தத் தடையும் இல்லை. இந்தச் சட்டம் எல்லோருக்கும் பொது. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938, பொலிஸ் அவசர இலக்கம் 119. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990களிலிருந்து வன்முறைக்கு ஆளான பெண்களுடன் நிற்கிறது. பிரதேச செயலகங்களில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்.

நம் உதைபந்தாட்ட, மென்பந்துக் கழகங்களில் சம்பள ஒப்பந்தம் இல்லை. ஆனால் பிரதேச செயலகத்தில் பதிவான கழகத்துக்கு யாப்பு இருக்கிறது. அதை மாற்றப் பொதுக்கூட்டத் தீர்மானம் போதும். மேலே பார்த்த அனுபவங்களிலிருந்து அதில் எழுதக்கூடியவை:

1. தனக்கு எதிராகப் பாதுகாப்புக் கட்டளை பெறப்பட்ட உறுப்பினர், அது நடைமுறையிலிருக்கும்வரை கழகச் சீருடையில் ஆடுவதில்லை. நட்சத்திரப் பந்துவீச்சாளருக்கும் மேலதிக வீரருக்கும் ஒரே விதி.

2. முறைப்பாட்டைப் பெறுபவர் தலைவரோ பயிற்றுநரோ அல்லாத ஒருவர். குறைந்தது ஒரு பெண்ணாவது அந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும்.

3. கழக நிர்வாகிகள் சமாதானம் பேச வீட்டுக்குப் போவதில்லை. ‘இறுதிப் போட்டி முடியும்வரை பொறுத்துக்கொள், பிள்ளை’ என்று சொல்லப் போகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே.

4. அந்தப் பெண் பேச விரும்பினால் தனியாக, அவர் தெரிவுசெய்த ஒருவர் துணையிருக்கப் பேசலாம். அவரையும் அந்த வீரரையும் ஒரே அறையில் அமர்த்திக் கேள்வி கேட்கக் கூடாது. 2014 ஜூனில் நியூயோர்க்கில் ரைஸின் விசாரணையில் செய்தது அதைத்தான்.